ஆஷிகாவின் பக்கம்

நூலகத்துக்குள் யார் நுழைந்தாலும் பிரியதர்ஷினியின் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே அதைப் போடச் சொன்னதே அவள்தான். தர்மபுரியில் அந்தக் கலைக் கல்லூரி ஆரம்பித்த காலத்திலிருந்து அவள்தான் நூலகர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தத் தகவலுக்கு எந்த இணையதளத்தைத் திறக்க வேண்டும் என்று கேட்க வருகிறவர்கள் அந்த மேசைக்கு முன்னால் நின்று, "மேடம், ஒரு சந்தேகம்" என்பார்கள். அதைக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். சம்பள உயர்வு வராத வருடங்களிலும் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தது அதுதான்.

அன்று காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர் பிரபாகர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிரியதர்ஷினி பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் நிற்கவில்லை. நேராக ஜன்னலோர மேசைக்குப் போய், ஆஷிகாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆஷிகா உதவி நூலகராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா தர்மபுரி கடைவீதியில் மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்ப்பவர். பெண் சேலத்தில் நூலக அறிவியல் படித்துவிட்டு வந்திருந்தாள். ஒல்லியாக, தலையில் முக்காடும் மூக்கில் கண்ணாடியுமாக, யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லாமல் முதலில் ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்கு.

"நம்ம மாவட்டத்துல யாரு டிவி பாக்கறாங்கன்னு பைனல் இயர் பசங்களுக்கு ப்ராஜெக்ட் குடுத்திருக்கன்ம்மா" என்று பிரபாகர் சொல்வது பிரியதர்ஷினிக்கு நன்றாகக் கேட்டது. "வயசு, ஆணா பொண்ணா, கிராமமா டவுனா, எந்த நேரத்துல பாக்கறாங்க, எல்லாம் வேணும். ஆனா பசங்க நெட்ல மொதல்ல எது வருதோ அத அப்படியே எடுத்துப் போட்டுடறாங்க. போன வருஷம் ஒருத்தன், அமெரிக்காவுல ஞாயித்துக்கிழமை எத்தன பேரு புட்பால் பாக்கறாங்கன்னு இருந்தத எடுத்து பாலக்கோட்டுக்கு ஒட்ட வெச்சிட்டு வந்தான்."

ஆஷிகா சிரித்தாள். பிறகு கேட்டாள். "சார், பசங்களுக்கு நம்பர் மட்டும் வேணும்ங்களா, இல்ல அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னும் தெரியணும்ங்களா?"

பிரபாகர் நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினார். "அட, ரெண்டாவதுதான்ம்மா முக்கியம்."

பிரியதர்ஷினி மூடி வைத்த பேனாவை மறுபடியும் திறந்தாள். தன்னிடம் வந்திருந்தால் தானும் நல்ல பதில்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததுதான் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

பிரபாகர் போய்க் கேட்டதற்கு முதல்வர் அனுமதி கொடுத்தார். தொலைக்காட்சிப் பார்வையாளர்களைப் பற்றி இணையத்தில் எங்கெங்கே நம்பகமான தகவல் கிடைக்கும் என்பதையெல்லாம் திரட்டி, கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கமாகப் போட வேண்டும். பொறுப்பு ஆஷிகாவுக்கு. "நீங்க மேற்பார்வை பாத்துக்கங்க மேடம்" என்றார் முதல்வர். பிரியதர்ஷினி புன்னகைத்தாள். மேற்பார்வை என்றால் இனிமேல் எட்ட நின்று பார்ப்பது என்று அர்த்தம் என அவள் எடுத்துக்கொண்டாள்.

கல்லூரிக்கென்று ஒரு கட்டணத் தரவுத்தளம் இருந்தது. எந்த வாரத்தில் எந்த நிகழ்ச்சியை எந்த வயதினர் பார்த்தார்கள், நகரமா கிராமமா என்று பிரித்துக் காட்டும் சேவை. அதை வாங்க வைப்பதற்குள் பிரியதர்ஷினி முதல்வர் அறைக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. நிர்வாகக் குழுவின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசி வாங்கியது. அதன் கடவுச்சொல் அவளிடமும் ஆஷிகாவிடமும் மட்டுமே இருந்தது. யாராவது கேட்டால் அவளே எழுந்து போய் அதைத் தட்டித் திறந்து கொடுப்பாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்ட வீட்டுக்காரி மாதிரி ஒரு பெருமிதம் அதில் இருந்தது.

அன்று மதியம் ஆஷிகா தொழுகைக்குப் போன நேரத்தில் பிரியதர்ஷினி அந்தத் தளத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். கை தானாகப் போனது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை தானாகப் போகவில்லை. புதிய கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியீடும் வேண்டும் என்று தளம் கேட்டபோது, யோசித்து, நிதானமாக, இரண்டையும் சேர்த்துத்தான் போட்டாள்.

மறுநாள் காலையில் ஆஷிகா வந்து நின்றாள். "மேடம், அந்த டேட்டாபேஸ் லாகின் ஆகலைங்க."

"ரினியூவல்ல ஏதோ பிரச்சனைன்னு நெனைக்கிறன். கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கன்."

"எப்ப சரியாகும்ங்க?"

"அது அவங்க கையில இருக்கு."

ஆஷிகா அவளை ஒரு கணம் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கண்களில் ஒன்றும் தெரியவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அத்துடன் அவள் ஓய்ந்துவிடுவாள், பிரபாகரிடம் போய் முடியவில்லை என்பாள், அவர் திரும்பி இந்த மேசைக்கு வருவார் என்று பிரியதர்ஷினி எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. ஆஷிகா காசில்லாமல் திறக்கக்கூடிய இடங்களாகத் தேடத் தொடங்கினாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை இறக்கினாள். குடும்ப நலக் கணக்கெடுப்பின் தடித்த அறிக்கைகளைத் திறந்தாள். ஒரு நாளில் மனிதர்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அரசு எடுத்த கணக்கைக் கண்டுபிடித்தாள். டிடிஎச், கேபிள் சந்தாதாரர்களைப் பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் அறிக்கைகளைப் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாகச் சேர்த்தாள். தேடிக் கிடைத்ததை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"மேடம், சென்சஸ்ல எத்தன வூட்ல டிவி இருக்குன்னு மாவட்ட வாரியா இருக்குங்க. ஆனா பழைய கணக்கு. அப்ப கவர்மெண்ட்ல இலவச டிவி குடுத்து முடிச்ச நேரம். வத்தல்மலையில எங்க சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வூட்ல அந்த டிவி மேல தண்ணிக் கொடம் வெச்சிருந்தாங்களாம். கணக்குல அதுவும் ஒரு டிவிதான?"

"ம்" என்றாள் பிரியதர்ஷினி.

"குடும்ப நல சர்வேல, வாரத்துல ஒரு தடவையாவது டிவி பாப்பீங்களான்னு ஆம்பள, பொம்பள ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டிருக்காங்க. வயசு, படிப்பு எல்லாம் பிரிச்சிருக்கு. ஆனா மாநிலத்துக்குத்தான், மாவட்டத்துக்கு இல்லைங்க."

"ம்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க மேடம், இத மேல போடலாமா, அத மேல போடலாமா?"

"உனக்கு எது சரின்னு படுதோ போடு."

ஒருநாள் ஆஷிகா இடத்தில் இல்லாதபோது, மேற்பார்வை என்ற பெயரில் பிரியதர்ஷினி அந்தப் பக்கத்தின் வரைவைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் எளிய தமிழில் இரண்டு வரிகள் இருந்தன. 'இது சொல்வது' என்று ஒரு வரி. 'இது சொல்லாதது' என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். விளம்பர நிறுவனங்களின் வலைப்பூக்களில் கிடைக்கும் பளபளப்பான படங்களுக்குக் கீழே, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று இவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, ஆகவே மேற்கோள் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

பிரியதர்ஷினி திரையை மேலிருந்து கீழாக நகர்த்தினாள். மறுபடியும் மேலே போனாள். ஒரு எழுத்துப் பிழையாவது அகப்படாதா என்று தேடினாள். அகப்பட்டது. ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தினாள், திருத்திய கையோடு தனக்கே அசிங்கமாக இருந்தது. வேலை தெரியாத யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் ஏதோ சில லிங்குகள் என்று போயிருப்பார்கள். அது எவ்வளவு நல்ல வேலை என்பது அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் முழுதாகப் புரியும். நல்லதை நல்லது என்று பார்த்தவுடன் கண்டுகொள்ளும் கண் அவளுக்கு வாய்த்திருந்தது. இத்தனை வருடமும் அதைத் திறமை என்று நினைத்திருந்தவளுக்கு, இப்போது அதுவே வாதையாகிவிட்டது.

கேள்விகளை நிஜ மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தால் எந்தத் தகவலைத் தேடுவது என்பது இன்னும் தெளிவாகும் என்று பிரபாகர் சொல்லியிருந்தார். ஆஷிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், சனிக்கிழமை இண்டூருக்கு உங்க வூட்டுக்கு வரட்டுங்களா? உங்க மாமியார்கிட்ட கொஞ்சம் பேசணும்ங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஆஷிகா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டப்பா நிறைய அவள் அம்மா செய்து கொடுத்த இனிப்பு. பிரியதர்ஷினியின் கணவன் மாதவராஜ் தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தான். மகன் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மாமியார் சின்னம்மாள் முறத்தை மடியில் வைத்துத் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு, ஒக்காரு" என்றாள் சின்னம்மாள், நாற்காலியைக் காட்டி.

ஆஷிகா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை துவரங்காயை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள். பிரியதர்ஷினி டீ போடச் சமையலறைக்குப் போனாள். பேச்சு அங்கே தெளிவாகக் கேட்டது.

"தெனமும் டிவி பாப்பீங்களாம்மா?"

"காலையில போட்டா படுக்கப் போறப்பத்தான் நிறுத்தறது."

"எந்த சீரியல் ரொம்பப் புடிக்கும்?"

"எதுன்னு சொல்றது? ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வருது."

"இப்ப ஓடுதே, இது என்ன கதைங்க?"

 சின்னம்மாளின் சிரிப்பு கேட்டது. "தெரிலியே கண்ணு!"

"அப்ப பாக்கறதில்லீங்களா?"

"வூட்ல மனுச சத்தம் கேக்கோணும் இல்ல? பையன் தோட்டத்துக்குப் போயிருவான். பேரன் ஆஸ்டல்ல கெடக்கறான். இவ காலேசுக்குப் போயிருவா. வந்தாலும் போனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருவா. குத்தமாச் சொல்லல, பாவம், களச்சு வரா. அதான் இதப் போட்டு வுட்டுக்கறது. ஆரோ பேசிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பிரியதர்ஷினி அடுப்பை அணைத்துவிட்டுத் துணியைத் தேடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் மாமியாரும் ஒரு சண்டை போட்டதில்லை. அதை ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையைச் சின்னம்மாள் அவளிடம் சொன்னதில்லை. வந்து கால் மணி நேரம்கூட ஆகாத பெண்ணிடம், துவரங்காய் உரித்தபடி, கேட்டவுடன் சொல்லிவிட்டாள்.

டீயைக் கொண்டுபோய் வைத்தபோது ஆஷிகா சொன்னாள். "மேடம், இது ரொம்ப முக்கியங்க. டிவி ஓடறது வேற, பாக்கறது வேற. எத்தன பேரு பாக்கறாங்கன்னு டிவில மீட்டர் வெச்சுக் கணக்கெடுக்கற வூடுங்கள்ல, பாக்கறவங்க அவங்கவங்களுக்குன்னு இருக்கற பட்டன அமுக்கணும்னு படிச்சன். அம்மா இருந்தா அமுக்குவாங்களா, மாட்டாங்களா?"

"எதுக்கு அமுக்கோணும்?" என்றாள் சின்னம்மாள். அவள் கண்கள் பளிச்சென்று இருந்தன. பிரியதர்ஷினி அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அன்று மாலை ஆஷிகா பஸ் ஏறிய பிறகு, பிரியதர்ஷினி கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாம்மா, தலவலியா?"

"இல்லீங்க அத்த. சும்மாதான்."

இருவரும் டிவியைப் பார்த்தார்கள். இந்தத் துவரை நம் தோட்டத்துதா என்று பிரியதர்ஷினி கேட்டாள். ஆமாம் என்றாள் சின்னம்மாள். மறுபடியும் இருவரும் டிவியைப் பார்த்தார்கள். சிறிது நேரம் கழித்துச் சின்னம்மாளே வாயைத் திறந்தாள்.

"அந்தப் புள்ள எவ்ளோ நல்லாப் பேசுது! மறுக்கா எப்ப வருவா?"

"தெரியாதுங்க அத்த" என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள் பிரியதர்ஷினி. கழுவிய பாத்திரங்களையே இன்னொரு தடவையும் கழுவினாள்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் பக்கம் வெளியானது. கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு சிறிய கூட்டம் வைத்தார்கள். சேலத்திலிருந்து ஊடகவியல் பேராசிரியை ஒருவர் வந்திருந்தார். அவர் மைக்கைப் பிடித்ததும் சொன்னார்: "வர்ற வழியில பஸ்லயே இந்தப் பக்கத்தப் பூரா படிச்சிட்டேன். தொப்பூர் கணவாய்ல சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது, அப்பயும் ஓப்பன் ஆச்சு. ஒரு இடத்துலகூட பாஸ்வேர்டு கேக்கல. இத நான் எங்க பசங்களுக்கு இன்னிக்கே அனுப்பப் போறேன். காசு குடுத்து வாங்கற டேட்டாவ வெச்சு இதச் செஞ்சிருந்தீங்கன்னா எங்களால தொறந்தே பாத்திருக்க முடியாது. அத வேணாம்னு விட்டது ரொம்ப நல்ல முடிவு."

"அது ஆஷிகாவோட முடிவுங்க" என்றார் பிரபாகர்.

கூடம் கைதட்டியது. பிரியதர்ஷினியும் தட்டினாள். உள்ளங்கை வலிக்கத் தட்டினாள். தடுக்கத்தான் அந்தக் கதவை மூடினாள். மூடிய கதவே அந்தப் பெண்ணைத் தெருவுக்குத் திருப்பிவிட்டது, தெருவில் போகிற எல்லோரும் இப்போது அவளைப் பார்க்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பென்னாகரம் பக்கத்திலிருந்து படிக்க வரும் ஒரு மாணவி ஓடிவந்து, "வூட்ல ஒக்காந்தே எல்லாத்தையும் பாத்தன் மேடம்" என்றாள். பிரியதர்ஷினி திரும்பினாள். மாணவி பேசியது அவளுக்குப் பின்னால் நின்ற ஆஷிகாவிடம்.

அடுத்த மாதம் தரவுத்தள நிறுவனத்திலிருந்து சவுரியப்பன் என்ற விற்பனைப் பிரதிநிதி வந்தார். சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். முதல்வர் பிரியதர்ஷினியையும் ஆஷிகாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சவுரியப்பன் மடிக்கணினியைத் திறந்து, வெள்ளந்தியாகச் சொன்னார்.

"யூஸேஜ் ரொம்பக் கம்மியா இருக்குங்களே சார். பாஸ்வேர்டு மாத்தின நாள்லேர்ந்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓப்பன் ஆயிருக்கு. அதுவும் எப்பவோ ஒருக்கா."

முதல்வர் புருவத்தை உயர்த்தினார். "பாஸ்வேர்டு மாத்தினதா? ரினியூவல் பிரச்சனைல லாகின் ஆகலைன்னு பிரபாகர் சொன்னாரே?"

"எங்க பக்கம் ஒரு பிரச்சனையும் இல்லீங்களே. வருஷம் பூரா நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு."

 முதல்வரின் பார்வை மெல்லத் திரும்பிப் பிரியதர்ஷினியின் முகத்தில் வந்து நின்றது.  ஏதாவது ஒரு பொய் சொல்லலாம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"அது வேறங்க சார்" என்றாள் ஆஷிகா. "நடுவுல லாகின்ல கொஞ்சம் கொழப்பம் ஆச்சு. அப்பறம் எல்லாரும் தொறக்கற மாதிரியே பண்ணிடலாம்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்ங்க. அதனாலதான் அத யூஸ் பண்ணல."

"ஓ" என்றார் முதல்வர். மேசையில் விரலைத் தட்டினார். "அப்படின்னா இது இல்லாமயே வேலை நடக்குது. எதுக்கு ரினியூ பண்ணணும்? வேணாம் சவுரியப்பன், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இவ்வளவு பாடுபட்டு வாங்க வைத்தது ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் போய்விட்டது. ஆனால் வராந்தாவில் நடந்தபோது பிரியதர்ஷினியை அறுத்தது அது இல்லை. 'நாங்க' என்ற அந்த ஒரு சொல்.

"ஆஷிகா, நில்லு."

ஆஷிகா நின்றாள். வராந்தாவின் கம்பிச் சட்டத்துக்கு அப்பால் வேப்பமரத்தடியில் மாணவர்கள் பைக்கில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்ங்க மேடம். கம்பெனி ஹெல்ப்லைனுக்கு நானே போன் போட்டன். பாஸ்வேர்டு மாத்தியிருக்காங்கன்னு அவங்க சொன்னாங்க."

"அப்பறம் ஏன் என்னக் காப்பாத்தின? பாவமேன்னா?"

"இல்லைங்க." ஆஷிகா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். கண்ணாடி இல்லாத முகம் களைத்துத் தெரிந்தது. "உண்மையச் சொல்லணும்னா, எனக்காகத்தான் சொன்னன். உங்கள மாட்டி வுட்டிருந்தா, நாளைக்குக் காலேஜ்ல யாரும் அந்தப் பக்கத்தப் பத்திப் பேச மாட்டாங்க. லைப்ரரில ரெண்டு பொம்பளைங்க சண்டன்னுதான் பேசுவாங்க. நான் அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சது அதுக்கு இல்லைங்க."

 பிரியதர்ஷினி கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு உம்மேல பொறாம ஆஷிகா. நீ வந்த நாள்லேர்ந்தே."

"தெரியும்ங்க."

"நீ எங்க வூட்டுக்கு வந்தப்ப எங்க அத்த உங்கிட்டப் பேசினத நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன். அன்னிக்கு உன்ன வூட்ட வுட்டே தொரத்தணும் போல இருந்துச்சு."

ஆஷிகா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "எனக்கும் இங்க தெனமும் வந்து ஒக்கார்றது ஒண்ணும் லேசா இல்லைங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். "வூட்ல அம்மாகிட்ட அழுதிருக்கன். அப்பா வேலைய வுட்டுடுன்னாரு. சந்தா முடியறதுக்குள்ள எனக்கு அந்த டேட்டாபேஸ்ல ஒண்ணு ரெண்டு பாக்கணும். இப்ப குடுக்கறீங்களா?"

அவள் கைபேசியை நீட்டினாள். பிரியதர்ஷினி கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தாள். பெரிய எழுத்து, குறியீடு எல்லாம் சேர்த்து. முதல் தடவை தப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு இருவரும் தோழிகளாகிவிடவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஆஷிகா ஏதாவது கேட்டால் பிரியதர்ஷினி 'ம்' என்பதோடு நிறுத்தாமல் பதில் சொன்னாள். சில நாள் நல்ல பதிலாகவே சொன்னாள்.

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆஷிகா வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளைப் பற்றி மூத்த நூலகரிடம் விசாரிக்கிறார்கள். ஆள் எப்படி, வேலை எப்படி, கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போவாளா?

போனின் மறுமுனை காத்திருந்தது. கொஞ்சம் இழுத்து, "பரவால்ல, ஆனா..." என்று ஆரம்பித்தால் போதும். மேற்கொண்டு ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோர மேசையில் ஆஷிகா தலை குனிந்து புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வருஷத்துல இப்படி ஒருத்திய நான் பாத்ததில்லைங்க" என்றாள் பிரியதர்ஷினி. "யோசிக்காம எடுத்துக்கங்க. அவ செஞ்ச பக்கத்தோட லிங்க் அனுப்பறன், பாருங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மை என்பதால் சொன்னாளா, அந்த ஜன்னலோர மேசை காலியாகிவிடும் என்பதால் சொன்னாளா என்று போனை வைத்த பிறகு அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது. எது எத்தனை பங்கு என்று எந்தக் கணக்கெடுப்பாலும் சொல்ல முடியாது.

ஆஷிகா மே மாதம் போனாள். ஜூனில் கல்லூரி திறந்தபோது, அந்தப் பக்கத்தைப் பராமரிக்கும் வேலை பிரியதர்ஷினியிடம் வந்து சேர்ந்தது. அரசுத் தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்து, திறக்காததைத் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். அவள் அதைச் சரியாகச் செய்தாள். புதிதாக வந்த ஒரு அறிக்கையைச் சேர்த்தபோது, அதன் கீழே 'இது சொல்வது', 'இது சொல்லாதது' என்று இரண்டு வரி எழுத அவளுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. எழுதிவிட்டுப் படித்தபோது, ஆஷிகா இதையே இதில் பாதி நீளத்தில் எழுதியிருப்பாள் என்று பட்டது. பாதியாகக் குறைத்தாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பக்கத்தின் மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவன். 'மதிப்பிற்குரிய ஆஷிகா மேடம்' என்று ஆரம்பித்திருந்தான். கிராமத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் டிவி பார்ப்பதைப் பற்றித் தகவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தான்.

பிரியதர்ஷினி அரை நாள் உட்கார்ந்து தேடி, நான்கைந்து இடங்களைக் குறித்துக் கொடுத்தாள். வீட்டில் தனியாக இருக்கிறவர்கள் டிவியைத் துணைக்குப் போட்டுவிடுவதும் உண்டு, ஆகவே கேள்வி கேட்கும்போது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்தப் பக்கத்தை உருவாக்கியவர் ஆஷிகா, இப்போது இதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கீழே தன் பெயரை முழுதாகப் போட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

'மிக்க நன்றி ஆஷிகா மேடம். டிவி ஓடுவதையும் பார்ப்பதையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னீர்களே, அது நான் எங்கேயும் படிக்காதது. இன்னும் ஒரு சந்தேகம்.'

பிரியதர்ஷினி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கன்னம் இரண்டும் சூடாகிவிட்டன. எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். திரும்பி வந்து, இன்னொரு தடவை அந்த முதல் வரியைப் படித்தாள். பிறகு விசைப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனுடைய சந்தேகம் என்ன என்று படிக்க ஆரம்பித்தாள்.